சூம்பிய கையும் மந்தமான காதும்

இயக்க நரம்பணு நோயை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மேல் நரம்பணு, கீழ் நரம்பணு இரண்டும் கெட்டதற்கான குறிகளை ஒரே உடலில், முடிந்தால் ஒரே கையில், காண்பதே நோயறிதலின் அடிப்படை. கீழ் நரம்பணு கெட்டால் தசை சூம்பும், தளரும், தோலடியில் துடிக்கும். மேல் நரம்பணு கெட்டால் தசை விறைக்கும். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிரும். சூம்பிய கையில் சுத்தியல் தட்டுக்கு மறிவினை ஒடுங்கியிருக்க வேண்டும். அங்கேயே அது துள்ளினால் ஐயம் வலுக்கிறது.

நம் மருத்துவக் கருத்தரங்கு கூடியுள்ள அம்மையார்குப்பம் நெசவூர். இங்கே நோயாளியின் முதல் குறை, அறுந்த இழையை முடிய விரல் வரவில்லை என்பதாக இருக்கலாம். கட்டைவிரல் மேடும் அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தசையும் வற்றி, சுண்டுவிரல் பக்கம் ஓரளவு தேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தெலும்புத் தேய்வு என்று சொல்லிப் பட்டை மாட்டி அனுப்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தேய்வில் பொதுவாக வலியும் மரத்துப்போதலும் உண்டு; இந்நோயில் தொடுவுணர்வு பெரும்பாலும் கெடுவதில்லை. கண்ணசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் அப்படியே.

துடிப்பைக் காணச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோள், முதுகு, தொடை எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் தொடாமல் சற்றுநேரம் பார்த்திருக்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் முதலில் விடுபடுவது இதுவே. நாக்கை நீட்டச் சொல்வதும் வழக்கமான பிழை; நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும். வாய்க்குள் ஓய்ந்து கிடக்கையில் புழு நெளிவதுபோல் துடித்து, ஓரம் சுருங்கியிருந்தால்தான் அதற்குப் பொருள். வலுக்குறையாத கெண்டைக்காலில் எப்போதாவது வரும் துடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தது 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்'. பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கும் அதில் கைகால் சூம்பலோடு முகத்தசைத் தளர்ச்சி, விழுங்குவதில் தடுமாற்றம், செவிநரம்புக் கேளாமை ஆகியவை சேர்ந்துவரும். ஆந்திரம், கர்நாடகம், கேரளத்திலும் அது உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 1971 முதல் 2007 வரை பார்த்த 116 பேரைப் பற்றி எழுதியிருக்கிறது. சிலருக்குப் பார்வை நரம்பும் வெளிறும். மருத்துவர் சார்கோ விவரித்த பொதுவான இயக்க நரம்பணு நோய் வழக்கமாக நடுவயதுக்குப் பின் வந்து சில ஆண்டுகளில் மூச்சுத் தசையைத் தொட்டுவிடும். மெட்ராஸ் வடிவம் மெல்ல நகரும். பெயர் சரியாக அமைந்தால் குடும்பத்தாரிடம் சொல்லவேண்டிய காலக்கணக்கே மாறுகிறது.

இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் அப்படியே நின்றுவிடும் ஹிராயாமா நோயும் உண்டு. அதில் நாக்கும் காதும் தப்பிவிடும்.

விசைத்தறி ஓடும் ஊரில் காது மந்தத்தை இரைச்சலின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. தறிச் செவிடு ஆண்டுக்கணக்கில் ஊறிவருவது. தறிப்பக்கமே போகாத பதினாறு வயதுப் பையனுக்குக் கை சூம்பிக் காதும் மந்தமானால், சுத்தியலை வைத்துவிட்டு இசைக்கவையை எடுக்க வேண்டும்.