இடக்கரும் இளஞ்சிரிப்பும்

பாவலர்களும் சுவைஞர்களும் கூடியுள்ள அவையில் பீ, குசு, மூக்குச்சளி பற்றிப் பேசுதல் தகுமோ என முகம் சுளிப்போர் இருக்கலாம். அச்சுளிப்பு பழமையானது. அவைக்கு ஆகாத சொல்லைத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்றார். அதனை மறைத்துக் கூறுதலை நன்னூலார் 'இடக்கரடக்கல்' எனத் தகுதி வழக்கில் வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டை ஆசிரியர் சொல்லும்போது சிரியாத வகுப்பு உண்டோ? மறைப்பு இருப்பதனாலேயே அச்சிரிப்பு பிறக்கிறது.

குழந்தையின்மேல் பெரியவர்கள் சுமத்தும் முதற்சட்டம் மலசலம் பற்றியதே. எங்கே, எப்போது என்று ஆணையிடுவோர் அவர்கள். அடங்க வேண்டியது குழந்தையின் உடல். அவ்வாணை கதையில் தலைகுப்புற விழும்போது குழந்தை விடுதலை பெறுகிறது.

தெனாலிராமன் பெயரால் வாய்மொழியில் வழங்கும் ஒரு கதையைப் பாருங்கள். இராமன்மேல் சினங்கொண்ட மன்னர், அவன் வீட்டில் மலங்கழித்து வருமாறு ஆட்களை ஏவுகிறார். தடியோடு வரவேற்ற இராமன், தாராளமாகக் கழிக்கலாம், ஆனால் ஆணை மலத்துக்கு மட்டுமே. ஒரு சொட்டுச் சிறுநீர் விழுந்தாலும் அடி விழும் என்கிறான். வந்தவர்கள் வந்த வழியே ஓடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகத்தில் போர்ஷியா, சதையை அறுக்கலாம், குருதி சிந்தலாகாது என வாதாடி வெல்வதும் இதே தருக்கம்தான். அதைக் கல்லூரியில் பாடமாக வைக்கிறோம். இதைச் சிறுவர் பதிப்பில் காண்பது அரிது.

ஆற்றுக்கு அப்பால் புதுவை நகரில் இன்றும் கற்பிக்கப்படும் பிரெஞ்சு மொழியில், 1534-ஆம் ஆண்டளவில் ரபலே எழுதிய கார்காந்துவாவில், துடைத்துக்கொள்வதற்கு ஏற்ற பொருள் எதுவென்று ஆராய்ந்த சிறுவனின் அறிவை மெச்சித் தந்தை பூரிக்கிறார். ரபலே மருத்துவர், உடலுக்கு அஞ்சாதவர். ஜப்பானில் தாரோ கோமி 1977-இல் எல்லா உயிர்களும் மலங்கழிப்பதையே படநூலாக்கினார். தமிழில் பெருமாள்முருகன் 'பீக்கதைகள்' எனத் துணிந்து பெயரிட்டார், அது பெரியவர்களுக்கானது.

ஆனால் எல்லா நாற்றமும் நகைச்சுவையாகிவிடாது. இராமன் கதையில் நாணுவது அரசாணை. மலம் அள்ளும் தொழிலில் சாதியால் தள்ளப்பட்டவரை நாணவைக்கும் கதை கொடுமையே. அத்தொழிலைத் தடைசெய்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்த நாடு இது. சிறுவர்க்கு எழுதும் பாவலர் 'குசு' என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அச்சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதையே பார்க்க வேண்டும். தெனாலிராமனின் அந்தக் கதையை ஒரு சொல்லும் மழுப்பாமல் சிறுவர் நூலில் சேர்க்க இவ்வட்டத்தார் எவரேனும் முன்வரலாம்.