கல்லோயா யானைகளும் நமது குப்பையும்

 

சபாரி என்றதும் ஆபிரிக்காவின் செரங்கெட்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். ஒரே வகுப்பில் படித்த நாங்கள் இருவரும் போனது நமது அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா தேசியப் பூங்காவுக்கு. 1954இல் உருவான பூங்கா அது. இங்கினியாகலயிலிருந்து படகில் போனோம். சேனாநாயக்க சமுத்திரத்தில் தும்பிக்கையை நீருக்கு மேலே நீட்டியபடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்துகின்றன. நமது வயல்களுக்குப் பாய்வதும் அந்தத் தண்ணீர்தான்.

இதே மாவட்டத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. நமது கரையோர ஊர்களின் குப்பை சேரும் பள்ளக்காட்டிலும் யானைகள் மேய்கின்றன. அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் இருந்தவை பொலித்தீனும் உணவு உறைகளும்தான். வைத்தியர்களாகிய எங்களுக்கு அதன் பொருள் தெரியும்: பொலித்தீன் சமிக்காது, குடலை அடைக்கும். வயிறு நிறைந்திருக்க, உடல் பட்டினி கிடக்கும்.

வாப்பாமார் சந்தைக்குப் பன் பை கொண்டுபோன ஊர் இது. சொப்பிங் பேக்கை நாமும் கைவிடலாம். நூற்றாண்டு விருந்தைச் சஹனில் வைத்து உண்போம். நமது விழாவிலிருந்து ஒரு லஞ்ச் ஷீட்டும் பள்ளக்காட்டுக்குப் போகாதிருக்கட்டும்.