பிக்கப் வாகனத்தில் சீ.பி. வானொலி: ஒழுங்காகப் பொருத்துவது எப்படி?

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பாகியதன் எழுத்து வடிவம்)



வடக்கு நெடுஞ்சாலைகளில் குளிர்காலப் பயணம் பற்றிச் சில மாதங்களுக்கு முன்னர் பேசியபோது, சீ.பி. வானொலி என்ற சொல்லை ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போனேன். அதன் பின்னர் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி அதைப் பற்றியே. பனி தள்ளுகின்ற தொழில் செய்பவர், தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர், கட்டட வேலைக்காகச் சட்பரிக்கும் தண்டர் பேக்கும் போய் வருபவர் என எம்மவர்களில் பிக்கப் வைத்திருப்போர் இன்று ஏராளம். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணை, வாங்கிறது கிடக்கட்டும். வாகனத்தைப் பாழாக்காமல் எப்பிடிப் பூட்டிறது?" அந்தக் கேள்விக்கே இன்றைய உரையை ஒதுக்குகின்றேன்.

முதலில் சாமானைப் பற்றி இரண்டு வார்த்தை. சீ.பி. என்பது சாதாரண குடிமக்கள் பேசுவதற்கென ஒதுக்கப்பட்ட வானொலி அலைவரிசை. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இதனைத் திறந்து விட்டார்கள். கனடாவில் 1962இல் ஜெனரல் ரேடியோ சேர்விஸ் என்ற பெயரில் வந்தது. இன்று இதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்தபோது, எரிபொருள் எங்கே கிடைக்கும், பொலிஸ் எங்கே நிற்கிறது என்று ரக் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதிலேதான். கூட்டம் தாங்காமல் 1977இல் 23 அலைவரிசைகளை 40 ஆக்கினார்கள். வலு வெறும் 4 வற். வாகனத்திலிருந்து வாகனத்துக்குச் சில கிலோமீற்றர் தூரம், நல்ல வெளியென்றால் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் வரை கேட்கும். அவ்வளவுதான்.

கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சூ சென்ற் மேரியைத் தாண்டி தண்டர் பே வரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர். இடையில் தொலைபேசிக் கோபுரம் எட்டாத துண்டுகள் உண்டு. முன்னால் ரக் ஒன்று குறுக்கே கிடக்கிறது, மூஸ் ஒன்று வீதியில் நிற்கிறது, அடுத்த மலைவளைவில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது என்ற செய்தியை எதிரே வருகிற சாரதி சொன்னால்தான் உண்டு. 2022இன் இறுதியிலிருந்து சில கைத்தொலைபேசிகள் செய்மதி வழியாக அவசர உதவி கேட்கும் வசதியுடன் வருகின்றன. அது உயிர்காக்கும் வசதி, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று அந்தச் செய்மதி சொல்லாது. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முன்னைய காலம்போல எல்லா ரக்கிலும் இன்று சீ.பி. இல்லை. ஆகவே இது தொலைபேசிக்குப் பதிலாக அல்ல, அதனோடு சேர்த்து வைத்திருக்க வேண்டியது.

சரி, வேலைக்கு வருவோம். இதில் நான்கு காரியங்கள் உண்டு: இடம், மின்சாரம், அன்ரெனா, அளவு பார்த்தல். 

முதலாவது, இடம். பெட்டியைத் திறந்தவுடன் துளைபோடும் கருவியை எடுக்காதீர்கள். சாரதி ஆசனத்தில் இருந்து, பட்டியைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பாருங்கள். முதுகு ஆசனத்தை விட்டு எழும்பாமல் கை எட்டுகிற இடமே சரியான இடம். முழங்கால் முட்டக்கூடாது; கியர் மாற்றும் தடியை மறிக்கக்கூடாது; காற்றுப்பை விரிகின்ற பாதையில் இருக்கவே கூடாது. ஸ்ரியறிங், பயணி பக்க டாஷ்போட், முன்கண்ணாடியின் இரு கரைத் தூண்கள், கூரையின் ஓரங்கள் ஆகிய எல்லாவற்றிலும் இப்போது காற்றுப்பை ஒளிந்திருக்கிறது. மோதலில் அது விரியும்போது முன்னால் இருக்கும் வானொலி கல்லாகப் பறந்து வரும். நடுக் கொன்சோலின் பக்கவாட்டு பெரும்பாலும் பாதுகாப்பானது. புதிய பிக்கப்புகளில் இடம் கிடைப்பது கஷ்டம். அவர்களுக்கென்று எல்லா விசைகளும் மைக்கிலேயே உள்ள வகை இருக்கிறது. பெட்டியை ஆசனத்துக்குக் கீழே அல்லது பின்னால் மறைத்துவிட்டு மைக்கை மட்டும் வெளியே வைக்கலாம். ஆனால் ஆசனத்துக்குக் கீழே சப்பாத்துப் பனி உருகி ஓடும் என்பதை மறக்காமல் நிலத்திலிருந்து சற்று உயர்த்திப் பூட்டுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். சிகரெட் மூட்டியின் துவாரத்தில் சொருகிவிட்டுப் பேசலாம். ஒரு நாள் பரீட்சிக்க அது போதும். நிரந்தரமாக வைக்க அது உகந்ததல்ல. ஆட்டத்தில் சொருகி தளரும், இயந்திரத்தின் இரைச்சலும் வானொலிக்குள் வரும். பற்றரியிலிருந்து தனி வயர் இழுப்பதே நல்லது. வானொலி எடுப்பது இரண்டு அம்பியர் அளவுதான்; 14 கேஜ் செம்பு வயர் தாராளம்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். நேர் வயரில் போடும் பியூஸ் பற்றரிக்கு அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். வானொலியுடன் வரும் வயரில் ஏற்கனவே ஒரு சிறிய பியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது வானொலியைக் காக்கும், வயரைக் காக்காது. பொனற்றுக்குக் கீழே, இரும்புத் தடுப்பு வழியாக, கம்பளத்தின் அடியில் என்று மூன்று மீற்றர் ஓடுகிற வயர் எங்கேயாவது உராய்ந்து இரும்பில் பட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். வயர் சிவந்து, உறை எரிந்து, கம்பளம் பிடிக்கும். கணக்காளனாகச் சொல்வதென்றால், செலவுக்கான எல்லையை வங்கியில் போடவேண்டும், கடை வாசலில் அல்ல. காசு புறப்படும் இடத்திலேயே மறித்தால்தான் இடையில் எங்கே ஓட்டை வந்தாலும் நட்டம் மட்டுப்படும்.

எதிர் வயரை எங்கே பூட்டுவது? பழைய நூல்கள் பற்றரியின் எதிர் முனையில் என்று சொல்லும். இன்றைய பல பிக்கப்புகளில் அந்த முனையிலேயே பற்றரியின் கொடுக்கல் வாங்கலைக் கணக்கெடுக்கும் உணரி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி நேரே முனையில் பூட்டினால் வாகனத்தின் கணினிக்குக் கணக்குப் பிழைக்கும். ஆகவே பற்றரியின் எதிர் வயர் வந்து உடலில் சேர்கின்ற அந்த ஆணியிலேயே உங்கள் வயரையும் பூட்டுங்கள். வேலை தொடங்கும்போது முதலில் கழற்றுவதும் எதிர் முனை. முடிவில் கடைசியாகப் பூட்டுவதும் அதுவே.

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர, தடுப்பில் ஏற்கனவே உள்ள றப்பர் அடைப்பைப் பயன்படுத்துங்கள். புதிய துளை போடவேண்டி வந்தால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போட்டு, கரையை மையால் பூசி, றப்பர் வளையம் வைத்து, அதற்குள்ளால் வயரை விடுங்கள். வெறும் தகட்டு விளிம்பு கத்திக்குச் சமம். எஞ்சின் பக்கத்தில் நெளிவுக் குழாய்க்குள் வயரை விட்டு, புகைபோக்கிக் குழாயிலிருந்தும் சுழலும் பட்டிகளிலிருந்தும் விலக்கி, ஒரு சாணுக்கு ஒரு பிளாஸ்ரிக் கட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, அன்ரெனா. நானூறு டொலர் வானொலிக்கு மோசமான அன்ரெனா பூட்டுவதிலும், நூறு டொலர் வானொலிக்கு நல்ல அன்ரெனா பூட்டுவது மேல். 27 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பதினொரு மீற்றர். அதில் காற்பங்கு என்றாலும் இரண்டே முக்கால் மீற்றர் அளவில் வரும். அதனால்தான் குட்டையான அன்ரெனாக்களில் சுருள் ஒன்று வைத்துச் சமாளிக்கிறார்கள். அன்ரெனா உயரத்தில் இருக்கவேண்டும், அதன் கீழே இரும்புத் தகடு விரிந்திருக்கவேண்டும். ஆகவே கூரையின் நடுவே மிகச் சிறந்த இடம். கூரையில் துளை போட மனம் வராதவர்கள் பின் தட்டின் ஓரத்தில் உள்ள குழிகளில் பூட்டும் தாங்கியையோ, பொனற்றின் ஓரத்துத் தாங்கியையோ பயன்படுத்தலாம். காந்தத் தாங்கி இலகுவானது. ஆனால் ஃபோர்ட் எஃப்-150 வாகனம் 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து அலுமினிய உடலுடன் வருகிறது. அதில் காந்தம் ஒட்டாது. வாங்குவதற்கு முன்னர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

பின் தட்டில் பூட்டுவோர் இன்னொன்று கவனிக்கவேண்டும். தட்டும் முன் கூடும் றப்பர் இருக்கைகளின் மேல் தனித்தனியாக நிற்பவை. இரண்டையும் சட்டத்துடன் பின்னல் செம்புப் பட்டியால் இணைத்தால் அன்ரெனா ஒழுங்காக வேலை செய்யும், இரைச்சலும் குறையும். தாங்கி தொடுகிற இடத்தில் மையைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியச்செய்து, பூட்டிய பின்னர் கிறீஸ் பூசிவிடுங்கள். எமது வீதிகளில் கொட்டுகிற உப்பு அந்தச் சுரண்டிய இடத்தைத்தான் முதலில் தின்னும்.

ஸ்காபறோவில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் விடுபவர்கள் இரண்டு மீற்றர் உயரத்துக்குள் நுழையவேண்டும். அவர்கள் கையால் திருகிக் கழற்றக்கூடிய விரைவு இணைப்பைச் சேர்த்து வாங்கட்டும்.

அன்ரெனாவிலிருந்து வரும் கேபிள் 50 ஓம் வகையாக இருக்கவேண்டும். தொலைக்காட்சிக்கு மிஞ்சிய கேபிள் ஆகாது. கதவில் நசிபடும்படி கொண்டுவராதீர்கள். பார்த்த ஒரு வாகனத்தில் கேபிள் கதவு விளிம்பில் நசுங்கி, உள்ளே பின்னல் அறுந்து, மழைத்தண்ணீர் அதன் வழியே வானொலி வரை வந்திருந்தது. கூட்டின் பின்புறத்தில் உள்ள றப்பர் அடைப்பு வழியாக உள்ளே எடுத்து, கதவடிப் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, அதன் கீழே ஓடவிடுங்கள். நுழைவதற்கு முன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே எடுத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின் வயர் ஒரு பக்கமென்றால் கேபிள் மறுபக்கம் போகட்டும். மிச்சக் கேபிளை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாக ஆசனத்தின் பின்னால் விடுங்கள்.

நான்காவது, அளவு பார்த்தல். இதைச் செய்யாமல் பேசவே கூடாது. வானொலி அனுப்புகிற வலு முழுவதும் அன்ரெனாவால் வெளியே போகிறதா, அல்லது திரும்பி வந்து வானொலியையே சுடுகிறதா என்று காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர். கட்டடங்களும் மரங்களும் இல்லாத வெளியில், கதவுகளையும் பொனற்றையும் மூடிவிட்டு, 1ஆம், 19ஆம், 40ஆம் அலைவரிசைகளில் பாருங்கள். முதலில் கேட்டு, யாரும் பேசவில்லையென்றால் சில விநாடிகள் மட்டும் பொத்தானை அழுத்துங்கள். 1.5க்குக் கீழே நல்லது, 2 வரை பரவாயில்லை. 3ஐத் தாண்டினால் நிறுத்துங்கள், எங்கேயோ இணைப்புப் பிழை. 40இல் கூடி 1இல் குறைந்தால் அன்ரெனா நீளம், சற்றுக் குறையுங்கள். 1இல் கூடி 40இல் குறைந்தால் கட்டை, சற்று நீட்டுங்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் மாற்றவேண்டாம்.

ஒழுங்காகப் பூட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. ஒழுங்கான வயரில் பிழை எங்கே என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். வயரின் இரு முனையிலும் சிறு சீட்டு ஒட்டி, எது எங்கே போகிறது, பியூஸ் எத்தனை அம்பியர் என்று ஒரு தாளில் வரைந்து வாகனப் பத்திரங்களுடன் வையுங்கள். உதிரிப் பியூஸ் இரண்டும் அங்கேயே இருக்கட்டும். மறை இருபது பாகையில் வீதியோரம் நிற்கிற பிள்ளைக்கு அந்தத் தாள் உதவும். தொழிலுக்கு ஓடுகிற வாகனமென்றால் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். என்னைப் போன்றவர்கள் வரிக் காலத்தில் கேட்போம்.

பாவிக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. ரக் சாரதிகள் கூடுவது 19ஆம் அலைவரிசையில், அவசரத்துக்கென ஒதுக்கப்பட்டது 9. இப்போது 9ஐ எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்க ஆளில்லை, ஆகவே வீதியில் 19இல் கூப்பிடுவதே பலன் தரும். இடத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு விடயத்தைச் சொல்லுங்கள். எம்மவருடன் தமிழில் பேசத் தடையில்லை; வேறொரு அலைவரிசைக்கு மாறிப் பேசுங்கள். வலுவைக் கூட்டும் பெருக்கிப் பெட்டிகள் சட்டவிரோதம், வாங்கவே வேண்டாம். ஓடும்போது மைக்கைக் கையில் பிடிப்பது பற்றி மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. புறப்படும் முன் உங்கள் மாகாண விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 ஜனவரியில் நிபிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் மேலெழுந்து, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரே நெடுஞ்சாலை அந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது. ஒரு பாலம் போனால் ஒரு நாடே இரண்டாகும். அப்படி ஒரு நிலையை விளங்கிக்கொள்ள எமக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரியே வரமுடியாத வடபகுதியில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் சுற்ற, ஒருவர் வயரைப் பிடிக்க, ஊரே கூடிநின்று கேட்டது. அந்த வயரை ஒழுங்காக முறுக்கத் தெரிந்த பெடியனுக்கு அன்று இருந்த மதிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இங்கே பிறந்த எமது பிள்ளைகளுக்குச் சத்தம் என்பது தொலைபேசிக்குள் தானாக வருவது. ஆகவே ஒரு சனிக்கிழமை பிள்ளையையும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பியூஸ் ஏன் பற்றரியோடு இருக்கவேண்டும் என்று அவர்கள் வாயாலே சொல்ல வையுங்கள். மீற்றரின் ஊசியை அவர்களே பார்த்து அன்ரெனாவைக் குறைக்கட்டும். மகனோ மகளோ நாளைக்குத் தனியே வடக்கே ஓடும்போது, எல்லாம் நின்றுபோன இடத்திலும் கேட்கவும் பேசவும் ஒரு வழி உண்டென்ற தைரியம் அவர்களோடு போகும்.

புறப்படும் முன் போகும் பாதையை வீட்டில் சொல்லுங்கள். போர்வை, சவள், தண்ணீர் ஏற்றுங்கள். அடுத்த மாத உரையில், சிறு தொழில் வாகனங்களுக்கான ஓட்டப் பதிவுப் புத்தகம் எழுதும் முறை பற்றிப் பேசுவேன். அதுவரை பாதுகாப்பாக ஓடுங்கள்.