சாரலும் சூடான பஜ்ஜியும்



ஆனி, ஆடியில் சாரல் விழுந்துட்டா, குற்றாலத்து அருவியில் குளிச்சு ஈரத்துணியோட நடுங்கிக்கிட்டு வர்றவங்க முதல்ல தேடுறது சூடான மிளகாய் பஜ்ஜியைத்தான். ஊருக்கு வாங்கிட்டுப் போக நேந்திரங்காய் சிப்ஸ். காய்ந்த தேங்காய் எண்ணெயில் காயை நேராகச் சீவிவிட்டு, முக்கால் வேக்காட்டில் உப்புத்தண்ணி தெளிப்போம். சடசடன்னு பொரியும். சத்தம் அடங்கினதும் அரித்தெடுக்கணும். அந்த வாசனைக்கே ஆள் வந்து நிக்கும்.

குழுக்கடன் வாங்கித் தள்ளுவண்டி போட்ட முதல் சீசனில் ஒரு தப்பு செய்தோம். மீந்த எண்ணெயைக் கொட்ட மனசு வரலை. மறுநாள் அதிலேயே புது எண்ணெயை ஊற்றினோம். ஒரு அம்மா பஜ்ஜியைப் பிட்டு மோந்து பார்த்தாங்க. பிள்ளை கையில் இருந்ததையும் வாங்கி வச்சிட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் சட்டமே உண்டு. அதில் உண்டாகும் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அளக்கிற கருவி நம்மகிட்ட ஏது? கறுத்தாலோ, நுரைத்தாலோ, புகைந்தாலோ இறக்கிவிடுகிறோம். சின்னச் சட்டியில் கொஞ்சமாக ஊற்றினால் மீறவும் மீறாது. செய்தித்தாளில் மடிப்பதையும் விட்டுட்டோம், மை ஒட்டும். இப்போ வாழை இலைத் துண்டுதான்.

செலவு கூடத்தான் செய்யுது. ஆனாலும் தவணை தவறலை. அடுத்த சீசனுக்கு வண்டி போட நினைக்கிற குழுக்கள் வாங்க, மாவுப் பதத்திலிருந்து சொல்லித் தர்றோம்.