பிழைபடப் பேசுவோம்



தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே ஒரு விந்தையைக் காணலாம். ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகத் தில்லியில் இருப்பார். இந்திச் செய்தித்தாளைத் தடையின்றிப் படிப்பார். அண்டை வீட்டார் பேசுவது முழுவதும் அவருக்கு விளங்கும். ஆயினும் மறுமொழி கூற வேண்டிய வேளையில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பேசினால் பிழையறப் பேச வேண்டும், இல்லையேல் வாய் திறக்கலாகாது என்று அவர் தமக்குத் தாமே ஒரு விதி செய்துகொண்டிருக்கிறார். படித்தவரிடத்திலேயே இந்நோய் மிகுதி. கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி ஆறு திங்களில் கடைத்தெருவில் பேரம் பேசுகிறார். பட்டதாரியோ இலக்கணப் புத்தகத்தின் மூன்றாம் பாடத்திலேயே நிற்கிறார்.

இந்தி நம்மை இடறிவிடும் இடங்கள் பல என்பது மெய்தான். தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. உயிரற்றவை யாவும் அஃறிணை. இந்தியிலோ சொல்லுக்கே பால் உண்டு. நூலைக் 'கிதாப்' என்றால் பெண்பால். அதனையே 'கிரந்த்' என்றால் ஆண்பால். தண்ணீர் ஆண்பால், ரொட்டி பெண்பால். தயிர் ஆண்பால் என்று இலக்கணம் கூறும். ஆயின் தில்லித் தெருக்களில் அதனைப் பெண்பாலாக வழங்குவோர் பலர். இந்தியைத் தாய்மொழியாக உடையவர்களே தயிரைப் பற்றி உடன்படவில்லையென்றால், நாம் மட்டும் ஏன் நாணி நிற்க வேண்டும்? வங்கத்தில் குடியேறியவர்களுக்கு இத்தொல்லை இல்லை. மராத்திய நாட்டில் இருப்பவர்கள் மூன்று பால்களோடு மல்லாட வேண்டும்.

ஒலியின் இடர் இன்னும் சுவையானது. நம் எழுத்தில் ககரம் ஒன்றே. தேவநாகரியில் அவ்விடத்தில் நான்கு உண்டு. உணவு, பாட்டு, ஒற்றைக் கண்ணன் ஆகிய மூன்றற்கும் உரிய இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா' என்றே நிற்கும். மூச்சழுத்தமின்றி அச்சொல்லைக் கூறி உணவு கேட்பவர், ஒற்றைக் கண்ணனைக் கேட்டவராகிறார். கடைக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுத் தாமே ஒருமுறை சரியாக ஒலித்துக் காட்டுவார். அக்கணத்தில் செவியிற் பதியும் வேறுபாடு பிறகு மறப்பதில்லை. வாய் திறவாதவருக்கு இத்திருத்தம் வருவதற்கு வழியே இல்லை. முதலாண்டில் இருந்த பிழை, பதினைந்தாம் ஆண்டிலும் அவரிடம் பழுதுபடாமல் இருக்கும்.

பிழையைப் பொறுத்தல் புலமைக்கு இழுக்கு என்று கருதுவோர் உண்டு. சட்ட வாசகத்திலும் மருந்துக் குறிப்பிலும் பிழை கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. மொழிபெயர்ப்பே என் தொழில். ஆனால் அங்கும் முதற்படி ஒன்று எழுதப்படுகிறது. பிறகு வேறொருவர் அதனை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார். முதற்படியே குற்றமற்றதாக அமைய வேண்டும் என்று எழுதுகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரிடம் திருத்துவதற்கு ஒன்றும் இராது.

புலமைக்கே சான்று வேண்டுமாயின் டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைக்கலாம். சீவக சிந்தாமணியை அவர் முதன்முதல் பதிப்பித்தது 1887ஆம் ஆண்டில். ஏட்டுச் சுவடிகளில் பாட வேறுபாடுகள் மலிந்திருந்தன. நூலோ சமண காவியம். ஐயரவர்களோ சைவ நூல்களில் பயின்றவர். ஆகவே சமண அன்பர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். பதிப்பு வெளிவந்தபின் கண்டனங்களும் எழுந்தன. அவர் தேடலை நிறுத்தவில்லை. மேலும் கிடைத்த சுவடிகளைக் கொண்டு திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். இடையில் இருபது ஆண்டுகள். எல்லா ஐயமும் நீங்கிய பின்னரே அச்சிடுவேன் என்று அவர் இருந்திருப்பின், அந்த இருபது ஆண்டுகளும் நூல் ஏட்டிலேயே கிடந்திருக்கும். சுவடிகளைச் செல்லரித்துக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவும் பெரியோரைப் பற்றியது. நம் குழந்தைகளின் தமிழே எனக்கு இதனினும் கவலை தருகிறது.

தில்லியிலும் கான்பூரிலும் வளரும் தமிழ்க் குழந்தை, "அம்மா, நாங்கள் கடைக்குப் போகலாமா?" என்று கேட்கும். தாயையும் உடன் அழைக்கிறது. 'நாம்' என்பதே பொருந்தும். ஆனால் இந்தியில் இரண்டற்கும் 'ஹம்' என்னும் ஒரே சொல்தான். குழந்தையின் பிழைக்கு நல்ல காரணம் இருக்கிறது. நாமோ காரணத்தைப் பார்ப்பதில்லை. சிரிக்கிறோம், விருந்தினர் முன் சொல்லிக் காட்டுகிறோம், ழகரம் வரவில்லை என்று பத்து முறை 'பழம்' சொல்லச் செய்கிறோம். நான்கு நாளில் குழந்தை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: நாம் தமிழில் கேட்டால் இந்தியில் மறுமொழி கூறுகிறது. "எங்கள் பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேசத்தான் வராது" என்று பெற்றோர் சொல்லும் வீடுகள் பலவற்றில் நடந்தது இதுவே. தமிழின் மீதுள்ள பற்றினாலேயே அவர்கள் அதனைப் பிள்ளையின் நாவிலிருந்து அகற்றிவிட்டார்கள்.

"நாங்கள் போகலாமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "ஆகட்டும், நாம் போகலாம்" என்று விடை கூறினால் போதும். திருத்தமும் ஆயிற்று, கடைக்கும் போயாயிற்று. மறுநாளும் அது 'நாங்கள்' என்றே சொல்லக்கூடும். அன்றும் அவ்வாறே விடை கூறலாம். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து பாட்டியார் வருவதாயிருந்தால், சிரிக்க வேண்டாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.