நெடுஞ்சாலையில் தலையை மொத்தும் காற்று

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஹெல்மெட் போடுங்கள், செல்போன் பேசாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் செயலாளர் நன்றாகவே சொல்லிவிட்டார். நான் பேச வந்தது காற்றைப் பற்றி. நம் பார்க்கிங்கை ஒரு சுற்று வந்தால் ஹிமாலயன், கேடிஎம் அட்வென்ச்சர், இன்டர்செப்டர் என்று தூரப் பயணத்துக்கான வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்று தெரியும். சனிக்கிழமை விடியற்காலை ஏற்காடு, மூணாறு என்று கிளம்பும் தம்பி தங்கைகள் ஞாயிறு இரவு லிஃப்டில் சொல்வது இதுதான்: "காது இன்னும் ஙொய்ன்னு இருக்கு அங்கிள், கழுத்து பிடிச்சிக்கிச்சு." ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கழுத்து சரியாகும். காது அப்படியல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காற்று நெஞ்சில் ஒரே சீராகத் தள்ளினால் அது பெரிய தொல்லை இல்லை, உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். தொல்லை தருவது சுழலும் காற்று. ஆற்றுப் பாலத்தின் தூணைத் தாண்டியதும் தண்ணீர் சுழிக்கிறது அல்லவா? விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்றும் அதேபோல் சுழிக்கும். அந்தச் சுழல் சரியாக ஹெல்மெட்டில் வந்து விழுந்தால் தலை இட வலமாக ஆடும், கண்ணுக்கு முன் சாலையே மங்கும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-லிருந்து 80-க்குப் போனாலே கிட்டத்தட்ட 1.8 மடங்கு. நான்கு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர்தான். அதை மதித்து ஓட்டினாலே பாதி வேலை முடிந்தது. இங்கே சிலர் சிரிப்பது தெரிகிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். காற்று மொத்துகிறது என்றதும் எல்லோரும் செய்வது, கடைக்குப் போய் உயரமான விண்ட்ஷீல்டு வாங்கி மாட்டுவது. பல பேருக்கு அதற்குப் பிறகுதான் தொல்லையே அதிகமாகிறது. முன்பு நெஞ்சில் விழுந்த சுழல், இப்போது நேராகத் தலைக்கு வந்துவிடுகிறது. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்கு அருமையாக இருக்கும் விண்ட்ஷீல்டு, ஆறடி ஆளுக்குத் தண்டனை. அதனால் நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று வாங்காதீர்கள். உங்கள் தலைக்குக் காற்று எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள்.

இதற்குக் காசு வேண்டாம். போக்குவரத்து இல்லாத நேராக உள்ள சாலையில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, ஃபுட்பெக்கில் காலை ஊன்றி இருக்கையிலிருந்து நாலு விரல் மட்டும் எழும்புங்கள். மேலே போனதும் இரைச்சலும் ஆட்டமும் அடங்கினால், சுழலுக்கு மேலே நல்ல காற்று இருக்கிறது. உங்களுக்குத் தேவை குட்டையான விண்ட்ஷீல்டு. எழும்பியபோது மாறாமல், சற்றுக் குனிந்ததும் அமைதியானால் உயரமானது தேவை. இருப்பதை ஆலன் கீ வைத்துக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்றும் சொல்வேன். விண்ட்ஷீல்டே இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது என்று பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

உயரமாக வாங்குவதானால் ஒரே ஒரு கணக்கு: மேல் விளிம்பு உங்கள் மூக்குக்குக் கீழே நிற்க வேண்டும். சாலையை அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும், அதன் வழியாக அல்ல. மழையிலும், இரவில் எதிர்வண்டியின் வெளிச்சத்திலும் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக ஒன்றும் தெரியாது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று புரண்டு உள்ளே விழுகிறது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டால் அங்கிருந்து காற்று புகுந்து அழுத்தம் சமமாகும், மொத்தல் குறையும். சற்று நீளமான போல்ட்டும் நாலைந்து ரப்பர் வாஷரும் போதும். மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹெல்மெட்டும் காரணமாக இருக்கலாம். ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தால் எந்தக் காற்றும் ஆட்டும். கன்னத்து மெத்தை கன்னத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அட்வென்ச்சர் ஹெல்மெட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி விளிம்பு நெடுஞ்சாலையில் காற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், போட்டோவுக்கு அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது காது. 80 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். 100-ல் போனால் சுமார் 100 டெசிபல். சத்தமான தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைத்திருப்பது 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. நாற்பது வயதில் பேரக்குழந்தை பேச்சு புரியாத தாத்தா போல ஆகாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக் போதும். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை அழுத்தி வைத்திருங்கள். காற்றிரைச்சல் அடங்கும், லாரி ஹாரன் கேட்கும். பாட்டுக் கேட்கும் இயர்போன் இதற்கு மாற்று அல்ல, இரைச்சலுக்கு மேல் இன்னொரு சத்தம்தான் சேரும்.

கடைசியாக, தெற்கே போகிறவர்களுக்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் அங்கே ஏன் இத்தனை காற்றாலைகள் என்று உடம்புக்கே புரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே உள்ள பல்லடம், உடுமலை வட்டாரமும் அப்படித்தான். அங்கே விண்ட்ஷீல்டு உதவாது. வேகத்தைக் குறையுங்கள், முட்டியால் டேங்கைக் கவ்வுங்கள், கையைத் தளர்வாக வையுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கினால் உங்கள் தோள் வாங்கும் அடியெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், தாண்டிய நொடியில் பக்கவாட்டில் அறையும். அந்த அறைக்கு இடம் விட்டு முந்துங்கள். டாப் பாக்ஸில் கனமான சாமானை வைக்காமல் கீழே, பக்கத்துப் பைகளில் வையுங்கள்.

விண்ட்ஷீல்டு கழற்றிப் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு வாட்டர் டேங்க் பக்கம் வாருங்கள். ஆலன் கீ செட்டும் வாஷரும் என்னிடம் இருக்கின்றன.