சங்கக் கட்டடமும் உயிரோம்பும் அறமும்



ஒரு சமுதாயத்தின் அலுவலகக் கட்டடம் ஒருமுறை எழுப்பப்படுவது. ஆனால் அதற்கான செலவு அத்துடன் முடிவதில்லை. மின்கட்டணம், தண்ணீர் லாரி, பழுதுபார்ப்பு என அது பல்லாண்டு தொடரும். மாணவர் கல்விக்கும் முதியோர் மருத்துவத்திற்கும் சேரவேண்டிய நிதியிலிருந்தே அச்செலவு எடுக்கப்படும். ஆகவே, வரைபடத்தில் இன்று இடும் கோடு நாளை ஒரு மாணவரின் உதவித்தொகையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது.

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது சமணக் கொள்கை. அவற்றைத் தேவைக்கு மேல் துன்புறுத்தாமை இல்லறத்தார்க்கு மட்டுமன்றி நிறுவனத்திற்கும் உரிய அறமாகும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் முனிவர் தங்கிய குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதவாறு காடி வெட்டியிருப்பதை இன்றும் காணலாம். இயற்கையான பாறையை அப்படியே ஏற்று, வேண்டிய ஒன்றை மட்டும் செய்துகொண்ட அம்முறையே இன்றைய கட்டடத்திற்கும் வழிகாட்டி.

முதலில் எண்ணவேண்டியது திசை. தமிழகத்தில் காலை மாலைச் சாய்வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடுகிறது. எனவே சன்னல்களைப் பெரும்பாலும் வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்கே மாடிப்படியையும் பண்டக அறையையும் அமைத்தல் நன்று. முகப்பு முழுவதும் கண்ணாடி பதிப்பது அழகெனக் கருதப்படுகிறது. அக்கண்ணாடி வெப்பத்தை உள்ளே புகவிட்டுத் தேக்கிவைக்கும். பகலிலேயே திரையிட்டு விளக்கேற்றும் நிலையும் வரும். மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த பழைய முறையோ, வெயிலைத் திருப்பும் வெண்ணிறப் பூச்சோ அறையின் வெம்மையைத் தணிக்கும்.

அடுத்தது கட்டுமானப் பொருள். பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்கு மணல் அள்ளியதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. ஆற்று மணலுக்கு மாற்றாகத் தரமான எம்-சாண்டும், சூளையில் சுடாத சாம்பல் கற்களும் கிடைக்கின்றன. பழைய கட்டடத்தின் தேக்குக் கதவுகளையும் சன்னல்களையும் மீண்டும் பயன்படுத்தினால் மரமும் பிழைக்கும், பணமும் மிஞ்சும்.

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்திற்காக ஒரு குழாயைப் பதித்துவிடுவது போதாது. 2,000 சதுர அடி மேல்தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையை வெளியேற்றி, அடுத்து வருவதை வடிகட்டித் தொட்டியில் சேர்த்து, எஞ்சியதைக் கிணற்றுக்கு விடலாம். நீரை வடிகட்டிப் பருகும் மரபினர்க்கு இது புதிதன்று.

மின்சாரத்தில் முதற்படி குறைத்தல். இரண்டாம் படி உற்பத்தி. வழக்கமான மின்விசிறி 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். பத்து விசிறிகள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சுழன்றால் 6 யூனிட்டுக்குப் பதில் 2.4 யூனிட்டே செலவாகும். மிச்சமாகும் 3.6 யூனிட், ஒரு கிலோவாட் சூரியத்தகடு நாள்தோறும் தரும் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஈடானது. தேவையைச் சுருக்கியபின் தகடு வாங்கினால் சிறிய அமைப்பே போதும்.

இவை ஏட்டளவில் நிற்பவை அல்ல. ஐதராபாத்தில் 2004ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த சி.ஐ.ஐ. – சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், நடுமுற்றம், துளைச்சுவர், மேல்தளத் தோட்டம், கழிவுநீரைத் தாவர வேர்களால் தூய்மைப்படுத்தும் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தகுதி பெற்ற முதல் கட்டடம் அதுவே. முற்றமும் துளைச்சுவரும் இந்நாட்டு முன்னோர் அறிந்தவையே.

சிறியதோர் ஏற்பாடும் மறக்கத்தக்கதன்று. வெளிவிளக்கின் ஒளியில் இரவெல்லாம் பூச்சிகள் மடிகின்றன. ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும் மூடியிட்டு, மஞ்சள் நிற விளக்கைப் பொருத்தி, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். இதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை.

நன்கொடையாளர் பலர் கிரானைட் தளத்திற்கும் அலங்கார முகப்பிற்கும் மனமுவந்து தருகின்றனர். மழைநீர்த் தொட்டிக்கும் நிழல்மரத்திற்கும் தருவோர் சிலரே. கண்ணுக்குத் தெரியாத அப்பணிகளுக்கும் கல்வெட்டில் இடமளிக்க அறக்கட்டளை முன்வரவேண்டும். வரைபடம் இறுதியாகும் முன் கட்டடக் குழுவினர் ஒவ்வோர் அங்கத்தையும் குறித்து இரு வினாக்கள் எழுப்புவது நலம்: இது தேவைதானா? தேவையெனில், இதைவிடக் குறைந்த உயிர்த்துன்பத்தில் செய்ய இயலுமா? இவ்விரண்டிற்கும் விடை கண்டு எழும் கட்டடம், அங்கு கூடும் இளந்தலைமுறைக்கு ஒவ்வொரு நாளும் அறம் உரைக்கும்.

அறம் வளர்க! உயிர்கள் இனிது வாழ்க!